அம்பன் கங்கையும் ஒரு நாகரிகமும்

நதிக்கரை நாகரிகங்கள் என்றதும் எமக்கு நினைவில் வருபவை நைல், யூப்ரடீஸ், சிந்து ஆகிய பெயர்களே. எகிப்தின் வரைபடத்தை வரைந்து, நடுவே நீல நிறத்தில் நைலை இழுத்து, வரலாற்றுப் பாடத்தில் புள்ளி வாங்கியவர்கள் நாம். மாத்தளை நகரை ஒட்டி ஓடும் சுது கங்கையும் அந்த வரிசையில் வைக்கத்தக்க ஓர் ஆற்றின் தலைப்பகுதி என்பதை எம்மில் பலர் பாடசாலையை விட்ட பின்னரே அறிந்துகொண்டோம். சுது கங்கை வடக்கே சென்று, நாலந்தா ஓயா முதலியவற்றுடன் கூடி அம்பன் கங்கையாகிறது. நக்கிள்ஸ் மலைகளிலிருந்து இறங்கும் களு கங்கையும் அதனுடன் சேர்கிறது. பின்னர் பொலன்னறுவைச் சமவெளியைக் கடந்து மகாவலியில் கலக்கிறது. நீளத்தில் நைலின் கால்தூசிக்கும் ஈடாகாது. ஆனால் அது செய்த வேலை சிறியதன்று.

நைலின் பெருமை அதன் நேரந்தவறாமையில் இருந்தது. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழை, மழையே காணாத எகிப்துக்கு ஆடி, ஆவணி மாதங்களில் வெள்ளமாக வந்து சேரும். வண்டலைப் படியவிட்டு வெள்ளம் வடிந்ததும் உழவர் விதைத்தனர். ஆண்டை வெள்ளக் காலம், விதைப்புக் காலம், அறுவடைக் காலம் என மூன்றாகப் பகுத்ததும் அதனாற்றான். வெள்ளம் எத்தனை முழம் ஏறிற்று என்று கல்லில் அளந்து, அவ்வாண்டின் விளைச்சலையும் வரியையும் முன்கூட்டியே கணித்தனர்.

எமது உலர் வலயத்தின் நிலை வேறு. ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்க்கும் வானம், வைகாசி முதல் புரட்டாதி வரை காய்ந்து கிடக்கும். நைல் வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்தது. அம்பன் கங்கையிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வாங்கியதைச் சேமிக்கவும் வேண்டியிருந்தது. ஆகவே எகிப்தியர் வெள்ளம் பாயும் பாத்திகளைக் கட்டினர், இங்குள்ளவர்கள் குளங்களைக் கட்டினர்.

அந்த வேலையின் முதல் பெரும் சான்று எலஹெரவில் இருக்கிறது. மலைகளை விட்டு ஆறு சமவெளிக்கு இறங்கும் இடத்தில் கல்லணையிட்டு மறித்து, நீரைக் கால்வாயில் திருப்பினார்கள். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஆளத் தொடங்கிய வசபன் வெட்டியதாக மகாவம்சம் கூறும் ஆலிசாரக் கால்வாய் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மகாசேனன் மின்னேரியாக் குளத்தைக் கட்டியபோது இந்நீரே அதற்கு உயிராயிற்று. மகாசேனனை மின்னேரியாவின் தெய்வமாகவே மக்கள் வணங்கி வந்தனர். பின்வந்தவர்கள் கால்வாயைக் கிரித்தலை, கவுடுல்ல, கந்தளாய் என்று நீட்டிக்கொண்டே போனார்கள். மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டி, நீர் தேங்கவும் கூடாது, கரையை அரிக்கவும் கூடாது என்ற அளவில் சரிவு கொடுத்து, மைல் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். இன்றைய நில அளவைக் கருவிகள் எவையும் அவர்களிடம் இருக்கவில்லை. குளத்திலிருந்து நீரைத் திறந்துவிடும் மதகுகளில் பிசோகொட்டுவ என்னும் சதுரக் கற்கிணற்றை அமைத்து, நீரின் அழுத்தத்தை அடக்கினார்கள். இதைக் கண்ட ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் வியந்து எழுதியிருக்கிறார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அங்கமெடில்லவில் அதே ஆற்றை மறித்துப் பராக்கிரம சமுத்திரத்தை நிரப்பினான். மழைநீர் பற்றிய அவனது புகழ்பெற்ற கூற்றை எல்லோரும் அறிவோம். திரும்பவும் இங்கு எழுத வேண்டியதில்லை. அதிகம் பேசப்படாதது ஒன்றுண்டு. அவனுக்கு முன், 993 முதல் 1070 வரை, பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட சோழரும் இந்த ஆற்றுப் படுகையின் விளைச்சலையே நம்பி இருந்தனர். கந்தளாயில் இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்ற அந்தணர் குடியிருப்பு இருந்ததைத் தமிழ்க் கல்வெட்டுக் கூறுகிறது. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டனோடு இணைக்கும் ஐதீகமோ திருகோணமலை மக்களின் நாவில் இன்றும் உண்டு. ஆற்றுக்கு மொழி கிடையாது. குளத்துக்கு உரிமை கொண்டாடும் நமக்குத்தான் உண்டு.

இத்தனையையும் கட்டியது யார்? பெருநீர்ப்பாசனம் இருந்தால் கொடுங்கோல் அரசும் இருக்கும் என்று 1957இல் விட்ஃபோகல் எழுதினார். எகிப்தும் சீனாவும் அவருக்கு உதாரணங்கள். இலங்கைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த எட்மண்ட் லீச் இதை மறுத்தார். சிறு குளங்களை ஊரவரே கட்டிப் பேணினர், அரசனின் சவுக்கு தேவைப்படவில்லை என்பது அவர் வாதம். லீச்சின் பக்கமே நாம் சாய்கிறோம், ஆயினும் முழுவதுமாக அன்று. எலஹெர போன்ற அணையை ஓர் ஊர் மட்டும் கட்டியிருக்க முடியாது. இராஜகாரியம் என்ற பெயரில் மண் சுமந்த ஆண்களின், பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த நாகரிகம் சரிந்தது. 1215இல் கலிங்க மாகன் படையெடுத்தது, ஆட்சிப் பூசல்கள், வரட்சி, மலேரியா எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் பதிப்பித்த தொகுப்பு ஒன்று இவ்விவாதத்தை விரிவாகத் தருகிறது. வைத்தியத் துறையில் இருக்கும் எமக்கு, மலேரியா முதற் காரணமாக இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. குளங்களைப் பராமரிக்க ஆளில்லாமல் போன பிறகே நுளம்புக்குக் கொண்டாட்டம். இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு, ஓட்டம் நின்ற ஆற்றின் சிறு நீர்த்தேக்கங்களிலே முட்டையிடுவது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளானபோது பரவிய கொள்ளைநோய், ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

எமது முன்னோர் இந்த நாகரிகத்தை முதலில் கண்டது அதன் இடிபாட்டில்தான். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காடு மண்டிய குளங்களும், குடிக்கத் தண்ணீரில்லாத மைல்களும், வாந்திபேதியும் அந்தப் பாதையில் இருந்தன. ஒரு காலத்தில் இலட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்ட நிலத்தில், தாகத்தோடு நடந்து வந்து பலர் இறந்தனர். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்வெட்டு மட்டுமல்ல, கல்லறையும் இல்லை.

1976இல் ஆற்றின் கதை மறுபடியும் மாறியது. பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கும், அங்கிருந்து சுது கங்கைக்கும் நீரைத் திருப்பினார்கள். போவத்தென்னவில் அது மீண்டும் பிரிந்து கலாவாவியை நோக்கிச் செல்கிறது. நைலில் அஸ்வான் உயரணை கட்டியபோது அபு சிம்பெல் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டுக்கு ஏற்றியதை உலகமே பார்த்தது. எமது மாவட்டத்தில், பல்லவ மரபின் சாயல் கொண்ட நாலந்தா கெடிகேயையும் நீரில் மூழ்காதபடி கல் கல்லாகக் கழற்றி மீண்டும் அடுக்கினார்கள். இதை அறிந்த மாத்தளைவாசிகள் குறைவு. கோயிலைத் தூக்கி வைக்கலாம், ஊரைத் தூக்கி வைப்பது அவ்வளவு சுலபமன்று. அஸ்வானால் நூபியர் இடம்பெயர்ந்தனர். 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த, களு கங்கைத் திட்டங்களால் பழைய லக்கல நகரம் நீருக்கடியில் போயிற்று.

ஆறு நோயையும் கொண்டுவரும் என்பதை எகிப்து முன்பே கண்டது. 1910இல் மார்க் ரஃபர் என்னும் வைத்தியர், மூவாயிரம் ஆண்டுப் பழைமையான மம்மிகளின் சிறுநீரகங்களில் பில்ஹார்சியா ஒட்டுண்ணியின் முட்டைகளைக் கண்டார். பாசனக் கால்வாயில் கால் நனைத்தவர்களுக்கு வரும் நோய் அது. எமது மாவட்டத்தின் வில்கமுவவிலும் அப்பாலுள்ள இராஜரட்டையிலும் விவசாயிகளைப் பீடித்திருப்பது வேறுவகைச் சிறுநீரக நோய். அதன் காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை, ஆனால் கிணற்று நீரின்மேல் சந்தேகம் வலுவாக இருக்கிறது. அதனாற்றான் மொரகஹகந்த நீரில் ஒரு பங்கு வயலுக்கன்றி, சுத்திகரித்துக் குடிப்பதற்கென ஒதுக்கப்பட்டது. வசபன் காலத்தில் நெல்லுக்காக மறித்த ஆற்றை, இப்போது மருந்தாகவும் கேட்கிறார்கள்.

அதே ஆற்றின் தலைப்பகுதியில், தோட்டத்து லயங்களில் இருப்பவர்களோ இன்னும் பல இடங்களில் ஓடைநீரைக் குழாயில் இழுத்து, வடிகட்டாமலே குடிக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கியதும் வயிற்றோட்டத்துடன் பிள்ளைகள் வருவார்கள். எந்த ஓடையில் இருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டால் தாய்மார் மலையைக் காட்டுவார்கள். அந்த ஓடைகளில் பல சுது கங்கையில்தான் விழுகின்றன.