மூலையை வெட்டிய கைகள்

மகளிர் தினச் சுவரொட்டி ஒன்றுக்கு எழுத்துரு தேடிக்கொண்டிருந்தேன். தடித்த, விளிம்பு சிதைந்த, மை விட்டுவிட்டுப் பிடித்தது போன்ற ஆங்கில எழுத்துகள். போராட்டம் என்றாலே வடிவமைப்பாளர்களின் கை அவற்றிடம்தான் போகும், நானும் விலக்கல்ல. ‘ஃப்ரீடம்’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அடுத்தடுத்து நின்ற இரண்டு ‘ஈ’யிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். நிஜ மர எழுத்தில் அப்படி நடக்காது. ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக அடிபட்டுத் தேயும்.

இந்த எழுத்துருக்கள் பாவனை செய்வது அந்த மரக்கட்டைகளைத்தான். ஈயத்தில் மிகப் பெரிய எழுத்தை வார்ப்பது தொல்லை: கனம், விலை, ஆறும்போது முகம் சமமாக நிற்காது. சுவரெல்லாம் விளம்பரம் பெருத்த அமெரிக்காவில், 1827இல் டேரியஸ் வெல்ஸ் நியூயார்க்கில் மர எழுத்துகளை இயந்திரம் கொண்டு மொத்தமாகத் தயாரிக்கத் தொடங்கினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதில் பாண்டோகிராஃபைச் சேர்த்தார். ஒரு முனை மாதிரி வடிவத்தைத் தொட்டுச் செல்ல, மறுபக்கம் சுழலும் வெட்டுமுனை அதே வடிவத்தை வேண்டிய அளவில் மரத்தில் குடையும். 1880இல் விஸ்கான்சினின் டூ ரிவர்ஸ் ஊரில் ஜே. இ. ஹாமில்டன் தொடங்கிய நிறுவனம் போட்டியாளர்கள் பலரை வாங்கி விழுங்கியது.

வடிவமைப்பு வரலாறு பெரும்பாலும் இந்த மூன்று ஆண்களோடு நின்றுவிடும். ஆனால் அந்த இயந்திரத்தால் ஒன்று முடியாது. சுழலும் முனை வட்டமானது. கூரான உள்மூலையை அது வெட்டாது. ஆங்கில ‘ஈ’யில் மட்டும் அப்படி நான்கு மூலைகள். நான்கிலும் சிறு வளைவு மிஞ்சும். அதைக் கத்தியால், கையால், ஒவ்வொரு கட்டையிலும் செதுக்கிக் கூராக்க வேண்டும். டிரிம்மிங் என்று அதற்குப் பெயர். ஹாமில்டன் ஆலையில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் இருந்தார்கள். மரமோ கடினமான மேப்பிள். கத்தி ஓர் இழை வழுக்கினால் அதுவரை செய்த வேலை பாழ்.

டிரிம்மிங் சரியாக அமைந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது. இயந்திரமே வெட்டியது என்றுதான் தோன்றும். இன்னொன்றும் உண்டு. தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரைப் பெரிய ‘ஏ’ கட்டையின் பக்கவாட்டில் முத்திரையாகக் குத்துவது வழக்கம். பழைய எழுத்துகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் முதலில் தேடுவது அந்த ‘ஏ’யைத்தான். மூலையை வெட்டியவர் பெயருக்கு இருபத்தாறு எழுத்தில் ஒன்றிலும் இடமில்லை.

1999இல் டூ ரிவர்ஸில் மர எழுத்து அருங்காட்சியகம் திறந்தது. ஆலையில் டிரிம்மராக இருந்து ஓய்வுபெற்ற பெண்கள் அங்கே திரும்பி வந்து, பார்வையாளர்கள் முன் கத்தியைப் பிடித்துக் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் வேலை செய்வதைக் காணொளியில் பார்த்தேன். கட்டையைத் திருப்பினார், அழுத்தினார், ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. அவ்வளவுதான்.

பிறகு திரையில் என் ‘ஈ’யைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சகத்தில் பட்ட அடி, காய்ந்த மை, விளிம்பில் பெயர்ந்த சில்லு என்று எல்லாவற்றையும் அக்கறையாக நகலெடுத்திருந்தார்கள். தண்டோடு நடுக்கை சேரும் இடத்தில் மட்டும் மூலை கூராக இருந்தது.