மறைந்த நண்பரின் பேனா... எடுத்து வைக்கலாமா, எழுதலாமா?

சாவு வீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை உண்டு. கொள்ளி வைக்க மகன், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் பேத்திகள், கோடி போட சம்பந்தி வீடு. இறந்தவரின் நண்பருக்கு? மாலையைப் போட்டுவிட்டு ஓரமா நிக்கணும். மறுநாள் ஆபீஸ். `ஃப்ரெண்டுதானே' என்று கேட்பவர்களும் உண்டு. இப்படி ஊர் கணக்கில் வராத துக்கம் பற்றியே அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் ஒரு புத்தகம் தொகுத்தார்.

அதனாலதான் அவர் எப்பவோ கொடுத்த பேனாவோ, நீங்கள் திருப்பிக் கொடுக்க மறந்த குடையோ இப்போது அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. வேறெந்த உரிமையும் உங்களிடம் இல்லையே!

`அதைப் பார்த்துப் பார்த்து அழாதே, தூக்கி உள்ளே வை' என்று வீட்டில் சொல்லலாம். உளவியலும் ஒருகாலத்தில் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. இறந்தவர் மீதான பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பதே துக்கத்தின் வேலை என 1917-ல் எழுதினார் ஃப்ராய்டு. ஆனால், 1920-ல் மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்த பிறகு, அதே ஃப்ராய்டு தன் கடிகாரச் சங்கிலியில் அவள் நினைவாக ஒரு குட்டி லாக்கெட்டை மாட்டியிருந்தார். பல வருடங்கள் கழித்து சிகிச்சைக்கு வந்த ஒரு கவிஞரிடம் அதைக் காட்டவும் செய்தார். உறவு அறுந்துபோக வேண்டியதில்லை, வேறு வடிவில் தொடரலாம் என்ற கருத்து உளவியலில் வலுப்பெற்றது 1990-களில்தான்.

ஸோ, தாராளமா வெச்சுக்கோங்க. எதுவுமே இல்லையா? காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் வீட்டில் கேளுங்கள். வாட்ச், மோதிரம் வேண்டாம், அது குடும்பத்துக்கு. சாவிக்கொத்து, பழைய டைரி மாதிரி விலையில்லாத ஒன்று போதும். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

சட்டை, துப்பட்டா என்றால் துவைக்காமல் ஜிப் கவரில் போடுங்கள். அந்துருண்டை பக்கமே போகக் கூடாது, அவர் வாசனையை அது விழுங்கிவிடும். சேர்ந்து பார்த்த சினிமா டிக்கெட், ஹோட்டல் பில் எல்லாம் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள், தானாகவே வெளுத்துப்போகும். இன்றைக்கே போட்டோ எடுங்கள். லேமினேஷன் செய்தால் அந்தச் சூட்டில் மொத்தமாகக் கறுத்துவிடும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுகளை போன் மாற்றும் முன்பே தனியாகச் சேமித்துவிடுங்கள். `ஏய், எங்க இருக்க?' என்ற ரெண்டு செகண்ட் குரல்கூட திரும்பக் கிடைக்காது.

ஒரு வருடம் தாண்டியும் வேலை, சாப்பாடு, தூக்கம் எதுவும் நிலைக்கு வரவில்லையென்றால் பேச ஆள் தேவை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம்.

பேனாவை என்ன செய்வது? எழுதுங்க. மூடியே வைத்தால் மை காய்ந்துதான் போகும். ரீஃபில் தீர்ந்தால் புதுசு போடலாம், தப்பில்லை. ஆபீஸில் யாராவது கேட்டால் மட்டும் வேறு பேனா கொடுங்கள்.