பப்ளிக் ஸ்கீமா: ஒரு கதவை மூட 20 வருஷம்

ஒரே கிளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா என்ன பண்ணுவோம்? இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோம். டேட்டாபேஸ்ல டேபிள் பேருக்கு முன்னாடி வர்ற ஸ்கீமாவும் அப்படித்தான். இனிஷியல் இல்லாமலே கூப்பிட்டுப் பழகினதால போஸ்ட்கிரெஸ்ல என்ன ஆச்சு? அதுதான் இன்றைய கதை.

2002 நவம்பரில் 7.3 வெர்ஷன் வந்தது. அதுக்கு முன்னாடி போஸ்ட்கிரெஸ்ல ஸ்கீமாவே கிடையாது. ஒரு டேட்டாபேஸுக்குள்ள எல்லா டேபிளும் ஒரே இடத்தில். சேல்ஸ் டீமுக்கு ஒரு 'ரிப்போர்ட்', ஹெச்ஆர் டீமுக்கு இன்னொரு 'ரிப்போர்ட்' வெச்சுக்க வழியில்லை. 7.3 அதைத் தீர்த்தது.

ஆனா அதுவரைக்கும் எழுதின கோடெல்லாம் வெறும் பேரைத்தான் கூப்பிடுது. அது உடையக் கூடாதுன்னு ரெண்டு ஏற்பாடு செஞ்சாங்க. ஒன்று, ஒவ்வொரு டேட்டாபேஸிலும் 'பப்ளிக்' என்ற ஸ்கீமா. இன்னொன்று, வெறும் பேர் வந்தா எங்கெங்கே, எந்த வரிசையில் தேடணும்னு சொல்ற 'சர்ச் பாத்'. முதலில் யூசர் பேரிலேயே ஒரு ஸ்கீமா இருந்தால் அது, அடுத்து பப்ளிக். சிஸ்டத்தோட சொந்த ஸ்கீமாவான பிஜி_கேட்டலாக், சொல்லாமலே இதுக்கெல்லாம் முன்னாடி நிற்கும்.

பழைய பழக்கம் மாறாம இருக்க, பப்ளிக்கில் யார் வேணும்னாலும் புதுசா டேபிளோ ஃபங்ஷனோ உருவாக்கலாம்னு விட்டுட்டாங்க. கதவு திறந்தே இருந்தது.

2018 மார்ச்சில் சிவிஇ-2018-1058 வெளியானது. விஷயம் இதுதான். எழுத்தைச் சின்னதாக்கும் 'லோயர்' ஃபங்ஷன் பிஜி_கேட்டலாக்கில் இருக்கு. அது 'டெக்ஸ்ட்' டைப்பை வாங்கும். உங்க காலம் 'வார்ச்சார்' டைப். இப்போ ஒரு சாதாரண யூசர் வார்ச்சார் வாங்கும் இன்னொரு 'லோயர்' எழுதி பப்ளிக்கில் போடுறார். ஃபங்ஷன் விஷயத்தில் வரிசையை விட டைப் பொருத்தம்தான் முக்கியம். அதனால முன்னாடி நிற்கிற அசலை விட்டுட்டு போலியை எடுத்துக்கும். அட்மின் அந்த க்வெரியை ஓட்டினா, போலிக்குள்ள இருக்கிற கோடு அட்மினோட அதிகாரத்தில் ஓடும். சம்பள டேபிளைத் திறந்து காட்டலாம், டெலீட்டும் பண்ணலாம். அட்மின் ஒரு தப்பும் பண்ணலை. வெறும் பேரை நம்பினார், அவ்வளவுதான்.

இதில் கோடிங் பக் எதுவும் இல்லை, டிஃபால்ட் செட்டிங்தான் பிரச்சினை. உடனே மாத்தினா எத்தனையோ அப்ளிகேஷன் நின்னுடும். அதனால அப்போ எச்சரிக்கை கொடுத்தாங்க. பேக்கப் எடுக்கிற பிஜி_டம்ப் மாதிரி டூல்களில் சர்ச் பாத்தைக் காலியாக்கினாங்க. அதுக்கே சில பேருக்கு ரீஸ்டோர் நடுவுல நின்னது, அவங்க ஃபங்ஷன்களும் வெறும் பேரை நம்பியிருந்ததால. சாதாரண யூசருக்கு பப்ளிக்கில் இருந்த கிரியேட் உரிமையை எடுத்தது 2022 அக்டோபரில் வந்த 15-வது வெர்ஷன்தான்.

இன்னும் முடியலை. பழைய டேட்டாபேஸை 15-க்கு அப்கிரேட் பண்ணினா, பழைய உரிமைகளும் கூடவே வந்துடும். அதனால இன்னைக்கே உங்க டேட்டாபேஸைத் திறந்து, பப்ளிக்கில் யாருக்கெல்லாம் கிரியேட் உரிமை இருக்குன்னு பாருங்க. தேவையில்லைன்னா ரிவோக் பண்ணுங்க. முக்கியமான ஃபங்ஷன்களில் ஸ்கீமா பேரோட முழுசா எழுதுங்க.

இனிஷியல் சேர்த்துக் கூப்பிட ரெண்டு நொடிதான் ஆகும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.