அனாதைப் பதிவேடு
1955-ல், கொரியப் போர் முடிந்து 2 வருஷத்தில், அமெரிக்காவின் ஹோல்ட் தம்பதி 8 கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. முதலில் படிச்சப்போ நெகிழ்ந்துதான் போனேன்.

அப்புறம் கண்ணில் பட்ட 'அனாதைப் பதிவேடு'தான் உறுத்துது. அப்போது வெளிநாடு போன குழந்தைக்குத் தனியாக ஒரு குடும்பப் பதிவேடு எழுதினார்கள். குடும்பத் தலைவர் அந்தக் குழந்தையேதான். பெற்றோர் இடம் காலி. பெற்றவள் உயிரோடு இருந்த குழந்தைகளுக்கும் இப்படி எழுதினார்கள். அனாதை என்று காகிதம் இருந்தால் விசா சுலபம்.

நாடு செழித்த பிறகும் இது நிற்கலை. உச்சம் தொட்டதே 1980-களில்தான். பதிவுகள் திரிக்கப்பட்டதற்கு அரசே பொறுப்பு என்று 2025 மார்ச்சில் தென்கொரிய உண்மை ஆணையம் சொன்னது. அம்மாவைத் தேடித் திரும்பி வருகிற பலருக்குக் கையில் கிடைப்பது, அந்தக் காலி இடம்தான்.