'செவரன்ஸ்' சீசன் 2 கிளைமாக்ஸ்: மார்க் ஏன் கதவைத் தாண்டவில்லை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் கிளைமாக்ஸ் முழுவதும் இருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆப்பிள் டிவி பிளஸ் தளத்தில் 'செவரன்ஸ்' முதல் சீசன் முடிந்தது 2022 ஏப்ரல் 8. இரண்டாவது சீசன் தொடங்கியது 2025 ஜனவரி 17. நடுவில் 1,015 நாட்கள் (எண்ணிப் பார்த்தேன், தொழில் பழக்கம்). 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தம் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். இவ்வளவு நாள் காக்க வைத்துவிட்டு, மார்ச் 21 அன்று வந்த 'கோல்டு ஹார்பர்' என்ற 76 நிமிட இறுதி எபிசோடில் ஹீரோ செய்த காரியத்தைப் பார்த்து நானும் முதலில் கொதித்துத்தான் போனேன். அப்புறம்தான் யோசித்தேன், நான் யார் பக்கம் நின்று கோபப்படுகிறேன் என்று.

ஒரு உடம்பு, இரண்டு ஆள்

லூமன் என்ற நிறுவனத்தில் சில ஊழியர்களின் மூளைக்குள் ஒரு சிப் வைக்கிறார்கள். லிஃப்டில் அலுவலகத் தளத்துக்கு இறங்கினால் வெளி வாழ்க்கை மொத்தமும் மறந்துவிடும். சாயங்காலம் மேலே ஏறி வந்தால் அலுவலகத்தில் நடந்த எதுவும் ஞாபகம் இருக்காது. தொடரில் இவர்களை 'இன்னி', 'அவுட்டி' என்பார்கள். நாம் உள் மார்க், வெளி மார்க் என்றே வைத்துக்கொள்வோம், குழப்பம் குறையும்.

வெளி மார்க் (ஆடம் ஸ்காட்) வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். மனைவி ஜெம்மா (டிச்சன் லாக்மன்) கார் விபத்தில் இறந்துவிட்டதாக நம்புகிறார். தினமும் எட்டு மணி நேரமாவது அந்தத் துக்கம் இல்லாமல் இருக்கலாமே என்றுதான் சிப் வைத்துக்கொண்டார். ஆனால் ஜெம்மா உயிரோடுதான் இருக்கிறார், அதுவும் லூமனுக்குள்ளேயே. முதல் சீசன் இந்த இடத்தில்தான் நம்மை அந்தரத்தில் தொங்கவிட்டது.

உள் மார்க்கின் வேலை என்ன? கணினித் திரையில் மிதக்கும் எண்களில் எது மனசுக்குப் பயமாகவோ வருத்தமாகவோ தோன்றுகிறதோ, அதைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவது. (நாள் முழுக்க எக்செல் ஷீட்டோடு மாரடிக்கும் எனக்கு இது ஒன்றும் அவ்வளவு விசித்திரமாகத் தெரியவில்லை.) அந்த எண்கள் எதற்கு என்ற புதிருக்கு இறுதி எபிசோடில் விடை கிடைக்கிறது. அந்த எண்கள் ஜெம்மாதான். உள் மார்க் முடிக்கும் ஒவ்வொரு கோப்பும் ஜெம்மாவின் மூளைக்குள் ஒரு புதிய ஆளை உருவாக்குகிறது. ஒருத்திக்கு வாழ்க்கை முழுக்க பல் டாக்டர் நாற்காலி மட்டும்தான். இன்னொருத்திக்கு நன்றிக் கடிதம் எழுதுவது மட்டும்தான். 25-வது கோப்புதான் 'கோல்டு ஹார்பர்'. அந்த அறையில் ஜெம்மாவிடம் ஒரு குழந்தைத் தொட்டிலைக் கொடுத்து, பிரித்துப் போடச் சொல்கிறார்கள். குழந்தைக்கு ஏங்கிக் கிடைக்காமல் போன தம்பதியின் வீட்டில் இருந்த தொட்டில் அது. அவர் சலனமே இல்லாமல் ஒவ்வொரு திருகாகக் கழற்றுகிறார். துக்கத்தைத் துடைத்துவிட முடியுமா என்பதுதான் லூமனின் சோதனை. சீசனிலேயே எனக்கு அதிகம் வலித்த காட்சி இதுதான்.

கேமராவில் ஒரு சண்டை

எபிசோடின் முதல் பகுதியில் பெரிய ஆக்‌ஷன் எதுவும் இல்லை. லூமனுக்குச் சொந்தமான ஒரு மரவீட்டில் மார்க் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். அறைக்குள் போனால் உள் மார்க், பால்கனிக்கு வந்தால் வெளி மார்க். ஒருவர் கையடக்க வீடியோ கேமராவில் பேசிப் பதிவு செய்து வைக்க, மற்றவர் அதைப் பார்த்துப் பதில் பதிவு செய்கிறார்.

வெளி மார்க் முதலில் குழைகிறார், மன்னிப்புக் கேட்கிறார். ஜெம்மாவைக் காப்பாற்ற உதவு, பிறகு நாம் இருவரும் ஒரே ஆளாகிவிடலாம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள் மார்க் ஒரு கணக்குப் போடுகிறார்: உனக்கு ஒரு முழு வாழ்க்கையின் நினைவு, எனக்குச் சுமார் இரண்டு வருஷம். இரண்டையும் கலந்தால் யார் மிஞ்சுவார்? இதற்கு வெளி மார்க்கிடம் பதில் இல்லை. போதாததற்கு, உள் மார்க் காதலிக்கும் ஹெல்லியின் பெயரையே 'ஹெலனி' என்று தப்பாகச் சொல்லிவிடுகிறார். முதலாளி உங்கள் பெயரைத் தப்பாகச் சொல்லிக் கூப்பிட்டபடியே "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

சிப் வைத்துக்கொள்ளச் சம்மதித்தது வெளி மார்க். வேலை செய்வது உள் மார்க். சம்பளம், தூக்கம், சாயங்கால வெளிச்சம் எல்லாம் முதல் ஆளுக்கு. இரண்டாவது சீசன் தொடங்கிய அதே ஜனவரியில்தான், வாரத்துக்கு 90 மணி நேர வேலை பற்றி இங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் பேசியது சர்ச்சையானது. அப்போது எனக்கு உள் மார்க்தான் ஞாபகம் வந்தார். வேலை செய்யாத நேரம் என்றே ஒன்று இல்லாத ஊழியர். வேலை போனால் அவருக்கு அது ராஜினாமா இல்லை, சாவு.

கதவு

அதன்பிறகு எபிசோட் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. மேலாளர் மில்ச்சிக் அலுவலகத்துக்குள் ஒரு பேண்டு வாத்தியக் குழுவையே இறக்குகிறார். ஹெல்லியும் டிலனும் அவரைக் கழிவறைக்குள் தள்ளி, கதவுக்குக் குறுக்கே வெண்டிங் மெஷினை நகர்த்தி அடைத்து வைக்கிறார்கள். பலியிடக் கொண்டுவந்த ஆட்டுக்குட்டி தப்பிக்கிறது. லிஃப்டில் உள் மார்க் வெளி மார்க்காக மாறும் அந்த நொடியில் விரல் துடித்து துப்பாக்கி வெடிக்க, டிரம்மண்ட் சாகிறார்.

குறையும் இருக்கிறது. இத்தனை ரகசியம் காக்கும் லூமனில் காவலுக்கு ஆளே இல்லையா? டிரம்மண்டை விட்டால் தடுக்க ஒருவரும் ஓடி வரவில்லை. ஆடுகள் எதற்கு என்ற கேள்விக்கு இரண்டு சீசன் கழித்துக் கிடைத்த விடையும் சப்பென்றுதான் இருந்தது.

ஆனால் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைச் சும்மா சொல்லக் கூடாது. அவசர வழிப் படிக்கட்டுக் கதவு வரை ஜெம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி, அவரை வெளியே அனுப்பிவிடுகிறார் உள் மார்க். கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் ஜெம்மாவுக்கு நினைவு திரும்புகிறது. வா, வா என்று கதறுகிறார். ஒரு அடி எடுத்து வைத்தால் அங்கே நிற்கப்போவது வெளி மார்க். உள் மார்க்கோ திரும்பவும் கண் விழிக்காமலே போகலாம். திரும்பிப் பார்க்கிறார். நடைபாதையின் கோடியில் ஹெல்லி நிற்கிறார்.

மூன்று வருஷமாக ஜெம்மா தப்பிக்க வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அவர் தப்பித்தது போதவில்லை. புருஷனும் கூடவே வர வேண்டும் என்று எதிர்பார்த்தோம். உள் மார்க்கை ஒரு சாவி மாதிரி, கதவு திறந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருக்கிறேன். லூமனும் அவரை அப்படித்தான் நினைத்தது. எழுத்தாளர் டான் எரிக்சனும் இயக்குநர் பென் ஸ்டில்லரும் பார்வையாளரை மாட்டிவிட்ட இடம் இதுதான். ஜெம்மாவின் கதறலை அவர்கள் குறைத்துக் காட்டவும் இல்லை. உள் மார்க்கின் முடிவு நியாயம் என்றால், அதற்கு விலை கொடுப்பது தப்பே செய்யாத ஒரு பெண்.

2025 செப்டம்பரில் எம்மி விருதுகளில் ஹெல்லியாக நடித்த பிரிட் லோவர் சிறந்த நடிகை விருதும், மில்ச்சிக்காக நடித்த டிரமெல் டில்மன் சிறந்த துணை நடிகர் விருதும் வாங்கினார்கள். சிறந்த டிராமா தொடர் விருது 'தி பிட்' தொடருக்குப் போனது.

மூன்றாவது சீசன் உறுதி என்று இறுதி எபிசோட் வெளியான அன்றே அறிவித்துவிட்டார்கள். மார்க்கும் ஹெல்லியும் சிவப்பு வெளிச்சத்தில் கைகோர்த்து ஓட, காட்சி அப்படியே உறைகிறது. ஹெல்லியின் உடம்பு லூமன் முதலாளியின் மகள் ஹெலனாவுடையது. அது எப்போது லிஃப்டில் ஏறினாலும் மேலே கண் விழிக்கப் போவது ஹெலனாதான். இவர்கள் ஓடுகிற நடைபாதையில் ஜன்னல்கூடக் கிடையாது.