காட்டுச்சேவலுக்குப் பெயர் கொடுத்தவர்

பேரையூருக்கு மேற்கே, சாப்டூர் மலையடிவாரத்தில் விடியற்காலையில் காட்டுச்சேவல் கூவும். வீட்டுச் சேவல் போல நீட்டி முழக்காது; வெட்டி வெட்டிக் கூவும். கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியது போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள். அறிவியலில் இதன் பெயர் காலஸ் சொன்னராட்டி. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. (சொன்னராட் என்று எழுதுகிறார்கள். கடைசி 'ட்' பிரெஞ்சில் ஒலிக்காது. பிரெஞ்சு வழியில் படித்தவன், அதனால் எனக்கு உறுத்துகிறது.)

பியேர் சொன்னரா 1748இல் லியோன் நகரில் பிறந்தவர். மொரீசியஸ் தீவில் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம். நம்மைப் போல் சர்க்கார் ஊழியர்தான், ஆனால் படம் வரையத் தெரிந்தவர். 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா என்று சுற்றி, 1782இல் இரண்டு தொகுதிகளாகப் புத்தகம் போட்டார். 140 படங்கள். நெசவாளி, குயவர், நம் தெய்வங்கள், பறவைகள் எல்லாம் அதில் உண்டு. நம் காட்டுச்சேவலும் பெட்டையும் அதில்தான் ஐரோப்பியர் கண்ணில் பட்டன.

ஆனால் ஒரு கறையும் உண்டு. 1776இல் எழுதிய முதல் புத்தகத்துக்கு 'நியூ கினி பயணம்' என்று தலைப்பு. மனிதர் நியூ கினிக்குப் போகவே இல்லை! பக்கத்துத் தீவுகளோடு திரும்பிவிட்டார். அங்கே பார்த்ததாகப் பென்குயின்களையும், ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியான குக்கபராவையும் வரைந்து சேர்த்தார். யாரோ கொடுத்த பாடம் செய்த பறவையைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். அதை நம்பி மற்றவர்கள் மீன்கொத்திக்கு 'நோவேகினியே' என்றும், ஒரு பென்குயினுக்கு 'பப்புவா' என்றும் பெயரிட்டார்கள். முதலில் அச்சான பெயரைப் பொருள் தவறு என்பதற்காக மாற்றக்கூடாது என்பது விலங்கியல் விதி. ஃபைலில் ஏறிய பொய் மாதிரி, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

அதற்காக அவருடைய இந்தியப் படங்களையும் ஒதுக்கிவிடுவது நியாயமல்ல என்பது என் எண்ணம். இங்கே அவர் நேரில் பார்த்தார். வீட்டுக்கோழியின் மூதாதை இந்தச் சேவல்தான் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். பிறகு செந்நிறக் காட்டுக்கோழிதான் என்று முடிவாயிற்று. 2008இல் மரபணு ஆராய்ச்சி செய்தவர்கள், நாம் வளர்க்கும் கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான கூறு நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள்.

சொன்னரா 1786இல் மீண்டும் வந்து, ஏனாமில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்தார். புரட்சிக்குப் பின் வந்த போரில் ஆங்கிலேயரிடம் கைதியானார். 1813இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. டெம்மிங்க் என்ற டச்சு அறிஞர் சேவலுக்கு அவர் பெயரைச் சூட்டியதும் அதே ஆண்டுதான். மறு வருடம் பாரிஸில் இறந்துபோனார்.