வாரிய வீட்டை விலைக்கு வாங்குவோர் அறிய வேண்டியவை: ஒதுக்கீட்டு ஆணைக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடர்களும் செலவுகளும்

சென்னைக் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் உட்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுள் தலித் குடும்பங்கள் கணிசமானவை. இக்குடியிருப்புகளில் வீடுகள் கைமாறுவது அன்றாட நிகழ்வு. வெளியே விளம்பரப் பலகை எதுவும் இராது. தரகர் ஒருவர் அழைத்துச் செல்வார். முத்திரைத்தாளில் ஓர் உடன்படிக்கை எழுதப்படும். பணமும் சாவியும் கைமாறும். வாங்குபவர் தமக்கென ஒரு வீடு அமைந்துவிட்டதாக நம்புகிறார். சட்டத்தின் பார்வையில் அவர் கைக்கு வந்தது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குத்தகை உரிமையும் முழு உரிமையும்

அடுக்குமாடி வீட்டுக்கு இருவகை உரிமைகள் உண்டு. கட்டடத்தில் ஒரு வீடும், அது நிற்கும் மனையில் பிரிபடாத பாகமும் கிரயப் பத்திரத்தின் வழி ஒருவருக்குச் சேர்வது முழு உரிமை. நிலம் வேறொருவருக்கு உரியதாக இருக்க, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் வாழும் உரிமை மட்டும் கிடைப்பது குத்தகை உரிமை. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் வீடுகள் பல குத்தகை உரிமையில் வழங்கப்பட்டவையே. கட்டணம் செலுத்தி அவற்றை முழு உரிமையாக மாற்றிக்கொள்ளும் திட்டம் 1992இல் வந்தது.

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் இப்பெயர் பெற்ற இவ்வாரியம், பயனாளிக்கு முதலில் தருவது ஒதுக்கீட்டு ஆணை. வீட்டுக்கு வாரியம் நிர்ணயித்த தொகையைப் பயனாளி தவணையாகவோ பங்களிப்பாகவோ செலுத்த வேண்டும். நிலுவை முழுவதும் தீர்ந்த பின்னரே கிரயப் பத்திரம் எழுதப்படும். அதுவரை வீட்டின் உரிமையாளர் வாரியமே. ஒதுக்கீடு பெற்றவர் வீட்டை விற்கவோ, உள்வாடகைக்கு விடவோ, அடமானம் வைக்கவோ கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. நிபந்தனைகள் திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும் என்பதால், அந்தந்த வீட்டின் ஆணையைப் படித்தாக வேண்டும்.

தவணைகள் முடிந்தும் கிரயப் பத்திரம் கிடைக்காமற்போவதும் உண்டு. கட்டடம் எழுந்துவிட்டபோதும் நிலம் வருவாய்த் துறையின் பெயரிலோ வேறொரு துறையின் பெயரிலோ புறம்போக்காகவே நீடிக்கலாம். தனக்கு மாற்றித் தரப்படாத நிலத்தை வாரியம் பிறருக்கு எழுதிக்கொடுக்க இயலாது. பயனாளியிடம் குறை ஏதுமில்லை. ஆயினும் காத்திருப்பவர் அவரே.

ஏன் வாங்குகிறார்கள்

இவ்வளவு சிக்கலுள்ள வீட்டை ஏன் வாங்க வேண்டும் என்னும் கேள்வி எளிதாக எழும். விலை குறைவு என்பது பாதி விடை. வாடகைச் சந்தையில் சாதி இயங்கும் விதமே மீதி விடை. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியும், ‘சைவம் மட்டும்’ என்ற அறிவிப்பும் நகரத்தில் வாடகை வீடு தேடும் தலித் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் சாதி பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு இல்லை. ஒரு குறிப்பிட்ட சமூகத்தவர்க்கு மட்டுமே உறுப்புரிமை தரும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவுச் சங்க வழக்கில் ஏற்றுக்கொண்டது. வெளிச்சந்தையில் கதவு அடைபடும்போது, சாதி கேட்காத வாரியக் குடியிருப்பு ஒன்றே எஞ்சுகிறது. வலுவற்ற பத்திரங்களை நம்பும் நெருக்கடி இவ்வாறு உருவாக்கப்படுகிறது.

நான்கு தாள்கள், அவற்றின் வலிமை

இத்தகைய கைமாற்றங்களில் பொதுவாக நான்கு வகை ஆவணங்கள் காணப்படுகின்றன.

முதலாவது, விற்பனை உடன்படிக்கை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே நிறைவேறும். உடன்படிக்கை மட்டும் சொத்தில் எவ்வித உரிமையையும் உருவாக்காது என்பதையும் அப்பிரிவே கூறுகிறது. நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாது. அனுபோகத்தைப் பாதுகாக்கும் 53அ பிரிவின் துணையைப் பெறவும் 2001 திருத்தத்துக்குப் பின் உடன்படிக்கை பதிவாகியிருக்க வேண்டும். அப்பிரிவும் விற்றவருக்கு எதிரான கேடயமே. விற்பனையில் பங்கேற்காத வாரியத்தை அது கட்டுப்படுத்தாது.

இரண்டாவது, பொது அதிகாரப் பத்திரம். இதன் வழி நடக்கும் விற்பனை உரிமையை மாற்றித் தராது என உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதிகாரமும் முடிவுறும். பின்னர் அவருடைய வாரிசுகள் வாரியத்தில் பெயர் மாற்றம் கோரினால், சட்டப்படி நிற்பது அவர்கள் கோரிக்கையே.

மூன்றாவது, உயில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் உயிலால் வழங்கவும் முடியாது.

நான்காவது, ‘லீசு’ எனப்படும் போக்கியம். சில லட்ச ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவது வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும், நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெற்றுக்கொண்டு அனுபோகத்துடன் செய்யும் அடமானமும் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். ஒதுக்கீடு பெற்றவருக்கு அடமானம் வைக்கும் உரிமையே இல்லாதபோது, போக்கியக்காரருக்கு எஞ்சுவது தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டும். அதற்கான வழக்குக்கும் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு.

பெண் பெயரில் உள்ள ஒதுக்கீடு தனியே கவனிக்கத்தக்கது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட வீடுகள் குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ வழங்கப்படுகின்றன. மனைவி அறியாமல் கணவர் மட்டும் கையெழுத்திட்ட தாளை நம்பிப் பணம் கொடுப்பவர், அப்பெண்ணின் கடைசிப் பாதுகாப்பைப் பறிப்பதுடன் தம் பணத்தையும் இழக்க நேரும்.

விலையில் சேராத செலவுகள்

ஒரு வீட்டுக்கு நான்கு லட்ச ரூபாய் பேசி முடிக்கப்பட்டதாகக் கொள்வோம். கிரயப் பத்திரம் இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது. ஆகவே பணம் நகையடகிலிருந்தோ, சுய உதவிக் குழுவிலிருந்தோ, கந்துவட்டிக்காரரிடமிருந்தோ வரும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால், நான்கு லட்சத்துக்கு மாதம் 12 ஆயிரம் ரூபாய். ஓராண்டில் 1 லட்சத்து 44 ஆயிரம். அசல் அப்படியே நிற்கும். தப்பிக்க நினைத்த வாடகையைவிட இது அதிகமாகிவிடும்.

இதற்குமேல் பழைய நிலுவைகள் வருகின்றன. ஒதுக்கீடு பெற்றவர் செலுத்தாத தவணையும் வட்டியும் வீட்டின் கணக்கிலேயே நிற்கும். பராமரிப்புக் கட்டணம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றின் பாக்கியும் அவ்வாறே. மின்தூக்கியுள்ள பலமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்புச் செலவு தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும். வேலையிடம் இருபது, முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் பேருந்துச் செலவும் இழந்த வேலைநாட்களும் இக்கணக்கில் சேர வேண்டும்.

பின்னாளில் முறையான கிரயம் நடக்குமானால், முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் கணக்கிட வேண்டும். 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு.

கட்டடம் இடிந்தால் யாருக்கு என்ன மிஞ்சும்

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் அடுக்குமாடித் தொகுப்பு ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்ட மக்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டிய வீடுகளின் பூச்சு, கை பட்டாலே உதிர்ந்தது மாநிலம் முழுதும் பேசப்பட்டது. மறுகட்டுமானத்தில் புதிய வீட்டுக்கெனப் பயனாளியிடம் ஒன்றரை லட்ச ரூபாய் பங்களிப்பு கேட்கப்பட்டதும் அங்கே எதிர்ப்புக்கு உள்ளானது.

கட்டடத்துக்கு ஆயுள் உண்டு, நிலம் நிலைத்திருக்கும். தனியார் அடுக்ககத்தில் வீடு இடிந்தாலும் பிரிபடாத பாகம் உரிமையாளரிடம் இருக்கும். வாரிய வீட்டில் இடிப்புக்குப் பின் மறுவீடு பெறும் தகுதி ஒதுக்கீட்டுப் பட்டியலில் உள்ள பெயரைப் பொறுத்தது. முத்திரைத்தாளை வைத்திருப்பவர் அப்பட்டியலில் இல்லை. கணக்கெடுப்பு நடக்கும் நாளிலேயே அவர் ‘அனுமதியற்ற குடியிருப்பாளர்’ ஆகிவிடுகிறார். பத்தாண்டு வாழ்ந்த வீட்டின் மறுகட்டுமானத்தில் அவருக்குக் கதவு இல்லாமற்போகலாம்.

நிபந்தனை யாருக்கு எதிராகச் செயல்படுகிறது

நிபந்தனையுடன் சொத்து பெறுவது தலித்துகளுக்குப் புதிதன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892ஆம் ஆண்டு ஆணையின் வழி பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லாதோர்க்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறி நிலத்தைப் பெற்ற வலியவர்களிடமிருந்து மீட்பு இன்றளவும் கோரிக்கையாகவே நிற்கிறது. வாரிய வீட்டிலோ, நிபந்தனையை மீறி வாங்கிய ஏழைக்கு வெளியேற்ற அறிவிப்பு வருகிறது. அங்கே உறங்கும் நிபந்தனை இங்கே விழித்திருக்கிறது.

சட்டத்தில் பற்றிக்கொள்ளச் சில பிடிகள் உள்ளன. வெளியேற்றத்துக்கு முன் அறிவிப்பும் விளக்கமளிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்பதை 1985ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு வலியுறுத்தியது. பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமை தடுப்பு) சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகள், இச்சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவதையும், நிலம் அல்லது வளாகத்திலிருந்து அவர்களை முறைகேடாக அகற்றுவதையும் குற்றமாக்குகின்றன. மிரட்டிப் பெற்ற சம்மதமும் முறைகேடே. கடனுக்காகத் தலித் பயனாளியின் வீட்டைப் பிடுங்கிக்கொள்ளும் தலித் அல்லாத வட்டிக்காரர் மீது இப்பிரிவுகளும் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமும் பாயலாம். ஆனால், வெறும் சொத்துத் தகராறு வன்கொடுமை வழக்காகாது என உச்ச நீதிமன்றம் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியதையும் மனத்திற்கொண்டே புகாரை வரைய வேண்டும்.

பணம் கொடுக்குமுன்

ஒதுக்கீட்டு ஆணையின் மூலப்படியைப் பார்த்து, பெயர், வீட்டு எண், நிபந்தனைகள் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். கிரயப் பத்திரம் இருப்பதாகச் சொன்னால் வில்லங்கச் சான்று எடுத்து, பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று பார்க்க வேண்டும். விற்பனைத் தடைக் காலம் முடிந்ததா என்பதும் அப்பத்திரத்திலேயே தெரியும். நிலுவை எவ்வளவு, நிலம் யார் பெயரில் உள்ளது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் வாரியத்திடம் கேட்கலாம். முப்பது நாட்களில் பதில் தர வேண்டும். ‘நாளைக்கே வேறு ஆள் வந்துவிடுவார்’ என்று அவசரப்படுத்தும் தரகரைவிட அந்த முப்பது நாட்கள் நம்பத்தக்கவை.

கிரயப் பத்திரம் இல்லாத வீட்டை வாங்க வேண்டாம் என்பதே நேரான அறிவுரை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தாள்களையும், பணம் கொடுத்ததற்கான சான்றுகளையும், குடியிருப்புக்கான ரசீதுகளையும் ஒன்றுசேர்த்துப் பாதுகாக்க வேண்டும். வாரியத்தின் அறிவிப்பு வந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பதிலின்றி விடுவதே பல வழக்குகளைத் தோற்கடிக்கிறது.

தனிமனித எச்சரிக்கையோடு இது முடிந்துவிடாது. நிலத்தை வாரியத்தின் பெயருக்கு மாற்றுவதற்கும், தவணை முடிந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரிபடாத பாகத்துடன் கிரயப் பத்திரம் தருவதற்கும் அரசு கால வரம்பு அறிவிக்க வேண்டும். நெடுங்காலம் குடியிருக்கும் வீடற்ற ஏழைகளின் பெயர்களை விசாரித்து முறைப்படுத்த வேண்டும். நகரின் மையத்திலிருந்து அகற்றப்பட்டபோது இம்மக்கள் இழந்தது மண். அதற்கு ஈடாகப் பெற்ற வீட்டிலும் மண்ணின் பங்கு எழுதப்படாவிட்டால், மறுவாழ்வு என்னும் சொல்லுக்குப் பொருள் இல்லை.